மகரக்கட்டும் நாடக மேடையும்

குரலின் இயக்கத்தை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். மேனாட்டு இசைநாடகத்தார் ஆடவர் குரலை டெனர், பாரிட்டோன், பேஸ் என வகைப்படுத்தினர். நம் நாடக மேடையோ அதனை ஆர்மோனியக் கட்டையால் அளந்தது. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசைவரை எட்டும் உச்சக் குரலே நடிகனின் மூலதனம். செங்கோட்டைக் கிட்டப்பா (1906–1933) அதற்குத் தக்க சான்று. நம் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாசர் தம் குரலை விடுதலைப் போருக்கே ஈந்தார்; பலமுறை சிறை சென்றார்; 1940இல் மேடையிலேயே உயிர் நீத்தார்.

இப்பெருமைக்கு மறுபுறமும் உண்டு. 1918இல் சங்கரதாச சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் குழுக்களில் சிறுவர் அஞ்சியது ஒன்றையே: மகரக்கட்டு. பருவம் எய்துங்கால் குரல்வளை வளர, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சமனிலிருந்து வலிவுக்கு ஏறும் இடத்தில் குரல் உடைகிறது. நேற்றுவரை கைதட்டல் பெற்ற பிள்ளை இன்று வாய்திறக்க நாணுவான். குரல் மீண்டவர் இராஜபார்ட் ஆயினர். மீளாதவர் பெயர் ஏடேறவில்லை.

பாட்டை யாக்கும் நாம், அதைச் சுமந்து உடைந்த அந்த இளந்தொண்டைகளையும் நினைத்தல் கடனன்றோ?