தோட்டத் தமிழர் பற்றிய சமூகவியல் ஆய்வுமுறைகள்

மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் உழைப்பு, குடும்பம், சாதி, வழிபாடு, இடப்பெயர்வு ஆகியவற்றை அறியச் சமூகவியலாளர்கள் கையாளும் வழிகள். ஆவண ஆய்வு, களப்பணி, அளவாய்வு, வாய்மொழி வரலாறு என்பன முதன்மையானவை. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட பேராக் மாநிலம் இவ்வாய்வுகளுக்கு வளமான களம்.

ஆவணங்கள்

தொழிலாளர் இலாகா அறிக்கைகள், கம்பெனிக் கடிதங்கள், செக்ரோல் (கூலிப் பதிவேடு) ஆகியவை அடிப்படைச் சான்றுகள். 1786 முதல் 1957 வரையிலான இந்தியர் குடியேற்றம் பற்றிய கெர்னியல் சிங் சந்துவின் நூல் (1969) இவ்வகையில் முக்கியமானது. ஆனால் ஆவணங்கள் எழுதியவரின் தேவைக்கே உருவானவை. செக்ரோலில் பெயர் போட்ட நாளும் கூலியும் இருக்கும். தாயின் மர நிரையில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப்பால்) பொறுக்கிய பிள்ளையின் உழைப்பு அதில் ஏறாது.

களப்பணி

ரவீந்திர கே. ஜெயின் 1960-களின் தொடக்கத்தில் தோட்டமொன்றில் களப்பணி செய்து 1970-இல் நூல் வெளியிட்டார். தோட்டத்துக்கு 'பால் மெலாயு' என்று புனைபெயர் சூட்டினார். விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யார் எங்கே நிற்கிறார், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பனவற்றை உடனிருந்து பார்ப்பதே இம்முறையின் பலம். ஆனால் தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கிராணி (தோட்ட எழுத்தர்) பக்கத்தில் நிற்கும்போது கூலிக்குறையை மனம்விட்டுப் பேசுவோர் அரிது.

அளவாய்வு

1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பொருளியலாளர் உங்கு அசிஸ் இதை அளவாய்வின் வழி ஆராய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலை எதிர்கொள்ளவே. ஒரு சிக்கல் எவ்வளவு பரவலானது என்பதை அளவாய்வு காட்டும். வேலையிழந்த குடும்பம் எதைச் சொல்லி யாரிடம் அடைக்கலம் கேட்டது என்பதை அட்டவணையில் காண முடியாது.

வாய்மொழி வரலாறு

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் பலர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்குச் சிதறினர். லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்துபோன இடத்தில் உடனிருந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும், பழைய தோட்டத்தார் கூடும் கோயில் திருவிழாக்களும் ஆய்வாளருக்குத் தொடக்கப்புள்ளியாகின்றன. முதியோர் ஆண்டுக்கணக்கில் பேசுவதில்லை. 'ஜப்பான்காரன் காலம்', 'அவசரகாலம்' என்றே நினைவுகூர்வர். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. இத்தகைய உறுதியான தேதிகளோடு பொருத்தியே நினைவுகள் வரிசைப்படுத்தப்படுகின்றன.

நெறியும் சரிபார்ப்பும்

தகவல் தருவோரின் இசைவும் பெயர் மறைப்பும் அடிப்படை நெறிகள். சிறிய தோட்டத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. 'ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) ஆயா' என்றாலே ஆள் தெரிந்துவிடும். அதனால் பதவி, ஆண்டு போன்ற விவரங்களையும் ஆய்வாளர் மாற்றுவதுண்டு. இது பேசியவரைக் காக்கிறது. ஆனால் பின்னால் வரும் ஆய்வாளர் அதே இடத்துக்குச் சென்று சரிபார்ப்பதைக் கடினமாக்குகிறது. இக்குறையை ஈடுசெய்யவே ஒரே செய்தியை ஆவணம், நேர்காணல், எண்ணிக்கை மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.