மலிவு விலையில் ஒரு சிண்டரெல்லா

இம்முறை நம் ஊர்ச் சரித்திரம் இல்லை. அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவிலிருந்து கிளம்பிய ஒரு கிதார்க் குழுவின் சரித்திரம். ‘இந்த வயதில் நமக்கு ஏன் அந்தக் கூச்சல்’ என்று எழுந்துவிடாதீர்கள். இதில் பாட்டைவிடக் கணக்குதான் அதிகம்; கணக்கு நமக்குப் பழகிய விஷயம்.

குழுவின் பெயர் சிண்டரெல்லா. பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் ‘சாந்த்ரியோன்’ என்று படித்த அதே பெண்தான். ஷார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட கதை. பூசணிக்காய் சாரட்டாக மாறும். இரவு பன்னிரண்டு மணி அடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கண்ணாடிச் செருப்பு மட்டும் மிஞ்சும். இந்தப் பெயரை வைத்துக்கொண்ட குழுவுக்கும் கிட்டத்தட்ட அதுவே நடந்தது.

என் மருமகன் வீட்டு அலமாரியில் இக்குழுவின் குறுந்தகடு ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘மில்லேனியம் கலெக்‌ஷன்’ என்ற வரிசையில் வந்தது. பழைய குழுக்களின் பிரபலமான பாட்டுகளைப் பொறுக்கி, எல்லாத் தகடுக்கும் ஒரே மாதிரி அட்டை போட்டு, குறைந்த விலைக்கு விற்ற வரிசை அது. நம் பக்கத்தில் ‘பழைய பாடல்கள்’ என்று ஒலிநாடா விற்றார்களே, அதே யோசனைதான். இந்த மலிவு விலைத் தகடு எப்படி உண்டாகிறது, அதில் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் அந்த இசையைப் பற்றிக் கொஞ்சம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டி. ரெக்ஸ், ஸ்லேட் போன்ற குழுக்கள் பளபளக்கும் உடையும் முகப்பூச்சுமாக மேடையேறின. பத்து ஆண்டு கழித்து அந்த அலங்காரத்தைக் கனமான கிதார் இசையோடு சேர்த்துக் கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அதற்குத்தான் ‘கிளாம் மெட்டல்’ என்று பெயர். லாஸ் ஏஞ்சலிசின் சன்செட் சாலையில் இருந்த விஸ்கி எ கோ கோ போன்ற அரங்குகள் அதன் கோயில்கள். ஆண்பிள்ளைகள் கண்ணுக்கு மை தீட்டி, தலைமுடியை ஸ்ப்ரே அடித்து விசிறி போல் நிற்க வைத்துக்கொண்டு பாடினார்கள். 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்.டி.வி. தொடங்கியபின் பாட்டைக் கேட்பதோடு பார்ப்பதும் வழக்கமாயிற்று. இந்த வேஷத்துக்கு மதிப்புக் கூடியது. 1983இல் குவைட் ரயட் என்ற குழுவின் ‘மெட்டல் ஹெல்த்’ தட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குக் கைகொடுத்த பாட்டு பழைய ஸ்லேட் குழுவினுடையது! அதன்பின் கம்பெனிகள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி அலைந்தன.

சிண்டரெல்லாவை 1982இல் தொடங்கியவர்கள் பாடகர் டாம் கீஃபரும் எரிக் பிரிட்டிங்கமும். 1985இல் பிலடெல்ஃபியாவில் ஓர் அரங்கில் இவர்கள் வாசித்ததை அப்போது வளர்ந்து கொண்டிருந்த ஜான் பான் ஜோவி பார்த்துவிட்டு, தன் கம்பெனியான மெர்குரியிடம் சிபாரிசு செய்தார். 1986இல் ‘நைட் சாங்ஸ்’ வந்தது. பட்டியலில் 3ஆம் இடம், அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகள். 1988இல் வந்த ‘லாங் கோல்ட் வின்டர்’ தட்டும் 30 லட்சம். 1989 ஆகஸ்டில் மாஸ்கோ லெனின் மைதானத்தில் நடந்த பெரிய இசைவிழாவிலும் வாசித்தார்கள். 1990இல் மூன்றாவது தட்டான ‘ஹார்ட்பிரேக் ஸ்டேஷன்’. அதற்குள் கீஃபர் அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு, கறுப்பின மக்களின் புளூஸ் இசைப் பக்கம் திரும்பியிருந்தார்.

இனி 1991. அந்த ஓர் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று, பில்போர்டு கணக்கெடுக்கும் முறையை மாற்றியது. அதுவரை கடைக்காரர்களைத் தொலைபேசியில் விசாரித்துப் பட்டியல் போட்டார்கள். அந்த மே மாதத்திலிருந்து விற்பனை மேசையில் பார்கோடு பதிவான எண்ணிக்கையே கணக்கு. அப்போதே, வந்து இரண்டு ஆண்டு கடந்து விற்பனை இறங்கிய தட்டுகளைத் தனிப் பட்டியலுக்கு ஒதுக்கினார்கள். நடப்புக் கோப்பு வேறு, பழைய கோப்பு வேறு என்று அலமாரி பிரிப்போமே, அப்படி.

இரண்டு, செப்டம்பரில் சியாட்டில் பக்கத்து நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்து, அடுத்த ஜனவரியில் முதலிடம் பிடித்தது. கசங்கிய சட்டையும் வாராத தலையுமாக வந்த அவர்களுக்கு முன்னால், ஸ்ப்ரே அடித்த தலைகள் ஒரே இரவில் கேலிப்பொருளாயின.

மூன்றாவது, கீஃபருக்குக் குரல் போயிற்று. இடப்பக்கக் குரல்நாண் செயலிழந்துவிட்டது. மறுபடி பாடுவதே சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். பல அறுவை சிகிச்சைகள், குழந்தைக்குச் சொல்லித் தருவது போல் ஆரம்பத்திலிருந்து குரல் பயிற்சி. நான்காவது தட்டு 1994இல் தான் வந்தது. கேட்க ஆளில்லை. கம்பெனி கைகழுவியது.

இனிதான் கணக்கு. இசைத்தட்டுக் கம்பெனிகளின் வழக்கமான ஒப்பந்தம் இப்படி: கம்பெனி முன்பணம் கொடுக்கும். ஒலிப்பதிவுச் செலவு அதில் அடங்கும். அந்தத் தொகை முழுவதும் குழுவின் பங்கிலிருந்து கழியும்வரை அவர்களுக்குக் காசு கிடையாது. கழிந்த பிறகும் ஒலிப்பதிவு கம்பெனிக்கே சொந்தம். நூல் கடன் வாங்கி நெய்த நெசவாளி கடனை அடைத்துவிட்ட பிறகும், துணி முதலாளி வீட்டுப் பெட்டியிலேயே இருப்பது போல.

துணி அந்தப் பெட்டியில் இருந்தது. பெட்டிதான் கை மாறிக்கொண்டே இருந்தது. மெர்குரி, ஹாலந்து பிலிப்ஸின் பாலிகிராம் குடும்பத்தைச் சேர்ந்தது. 1998இல் கனடாவின் சீகிராம் என்ற சாராயக் கம்பெனி பாலிகிராமை வாங்கித் தன் யுனிவர்சலோடு சேர்த்தது. 2000ஆம் ஆண்டு முடிவில் அந்தச் சீகிராமையே விவென்டி என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாங்கியது. விவென்டியின் பூர்வீகம் என்ன தெரியுமா? 1853இல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்த கொம்பாஞி! பெரோவின் சாந்த்ரியோன் அமெரிக்கா போய், கடைசியில் பிரெஞ்சுத் தண்ணீர்க் கம்பெனி வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

இத்தனை கோடி கொடுத்து வாங்கியவர்கள் கிடங்கில் இருப்பதை விற்காமல் விடுவார்களா? மலிவு விலைத் தகட்டுக்குப் புது ஒலிப்பதிவுச் செலவு இல்லை, பெரிய விளம்பரம் இல்லை. குறைந்த விலை வரிசையில் கலைஞரின் பங்கும் குறைந்த விகிதத்தில்தான் என்று பல ஒப்பந்தங்களில் ஷரத்து உண்டு. பாதி என்றுகூட இருக்கும். பாட்டை எழுதியவருக்கான தொகை மட்டும் தனிக் கணக்கு. அநேகமாக எல்லாப் பாட்டையும் கீஃபரே எழுதியதால் அந்த வழியில் அவருக்கு வர இடமுண்டு. கூட நின்று வாசித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு மனிதன் போன குரலைத் திரும்பப் பெற வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறான். அதே நேரத்தில் அவனுடைய பழைய குரல் கடை வாசல் தட்டில் தள்ளுபடிக்குக் கிடக்கிறது. அதை விற்பவர்கள் அவனைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தத் தகட்டை வெறும் அவமானம் என்று தள்ள எனக்கு மனமில்லை. புதிதாகக் கேட்க வந்த பையன்கள் பலருக்கு நாலு தட்டையும் வாங்கக் காசு இருந்திருக்காது. இந்த ஒரு மலிவுத் தகட்டில்தான் குழுவின் பெயர் அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கச் சட்டத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: 1978க்குப் பின் எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டு கழித்து, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். ஒலிப்பதிவுக்கு இது செல்லாது, அது கூலிக்குச் செய்த வேலை என்று கம்பெனிகள் வாதாடுகின்றன. 35 ஆண்டு! நாம் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்த காலம் அவ்வளவுதானே.

கீஃபர் மறுபடி பாடினார். 2013இல் தன் பெயரிலேயே ஒரு தட்டு கொண்டுவந்தார். குழுவின் கிதார்க் கலைஞர் ஜெஃப் லபார் 2021இல் காலமானார். இனி அந்தப் பழைய நால்வரைச் சேர்த்து மேடையில் பார்க்க முடியாது, தகட்டில்தான் கேட்கலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட தொகுப்பு ஏதாவது இருந்தால், தூக்கிப் போடுமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னட்டையின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பாடியவர் பெயரும் உரிமையாளர் பெயரும் தனித்தனியாக இருக்கும்.