கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்

ராஜீவ் மேனன் இயக்கத்தில் 2000இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஜேன் ஆஸ்டின் தம் பெயரை வெளியிடாமல், ‘ஒரு பெண்மணி’ எழுதியதாக 1811இல் பதிப்பித்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலின் தழுவல். வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரகுமான்.

வாரிசுரிமைச் சிக்கலால் வீடிழக்கும் நாவலின் சகோதரிகள், படத்தில் காரைக்குடி வீட்டைவிட்டுச் சென்னைக்குக் குடிபெயரும் சௌம்யா (தபு), மீனாட்சி (ஐஸ்வர்யா ராய்) ஆகின்றனர். ராசியில்லாதவள் என்ற ஊர்ப்பேச்சு அக்காளின் திருமணத்துக்குத் தடையாகிறது. பாரதியார் கவிதையில் ஊறிய தங்கை, ஸ்ரீகாந்திடம் (அப்பாஸ்) மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவனோ தன் நிதி நிறுவனம் நொடித்ததும் பணக்கார இடத்துச் சம்பந்தத்துக்கு இணங்கிவிடுகிறான். நாவலின் கர்னல் பிராண்டன், இலங்கையில் இந்திய அமைதிப்படையில் பணியாற்றிக் காலிழந்த பாலாவாக (மம்மூட்டி) மாறுகிறார். மீனாட்சி இறுதியில் அவரையே தேர்கிறாள்.