ஓவன் இல்லாத எலுமிச்சை அடுக்கும் நம்ம ஊர் ஜவ்வரிசியும்

கண்ணாடி டம்ளரில் வெள்ளை, மஞ்சள் என்று அடுக்கடுக்காக நிற்கும் எலுமிச்சை இனிப்பைப் பார்த்தால் "இது வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று தோன்றும். ஆனால் ஓவன் இல்லாமல் இப்படி இறுக வைக்கும் வேலைக்குப் பல நாடுகளில் கைகொடுத்தது ஜவ்வரிசிதான்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளில் எலுமிச்சை ஜவ்வரிசியைக் காய்ச்சி ஆறவைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். மலேயாவில் ஜவ்வரிசியை அச்சில் இறுகவைத்து, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றுவார்கள். பெயர், சேகோ குலா மலாக்கா. அங்கே சேகோ என்பது ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு.

இந்தியாவுக்கும் ஜவ்வரிசி அந்தப் பக்கமிருந்துதான் கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் அது நின்றுபோனது. 1943-ல் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். குச்சிக்கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடிதான்! அப்போது மல்லசமுத்திரமும் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-ல். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, சத்து? காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதால் ஜவ்வரிசியைச் சத்துணவு என்று நினைக்கிறோம். 100 கிராமில் சுமார் 350 கலோரி, 88 கிராம் மாவுச்சத்து. புரதமோ அரை கிராம்கூட இல்லை! சீக்கிரம் செரிக்கும், தெம்பு தரும், அவ்வளவுதான். அதில் சர்க்கரையும் கொட்டினால் கலோரி மட்டும் ஏறும்.

ஆக, சத்தை மற்ற அடுக்குகளில்தான் தேட வேண்டும். அடியில் பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த நிலக்கடலைப் பொடியும் கொஞ்சம் வெல்லமும். 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம். நடுவில் எலுமிச்சை ஜவ்வரிசி. மேலே துணியில் கட்டி நீர் வடித்த தயிர்.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு விடுங்கள். கொதித்தால் வைட்டமின் சி குறையும். புளிப்போடு சேர்ந்து கொதிக்கிற மாவுச்சத்தும் நீர்த்துப்போய் இறுகாது.

கப்பல் நின்றதால் நம்ம மண்ணில் பிறந்த தொழில் இது. அந்த ஜவ்வரிசியோடு கடலையையும் தயிரையும் சேர்த்தால், வயிறு நிறைவதோடு உடம்பிலும் ஒட்டும்!