லுட்விக் பௌஷ்: வில்லும் முத்திரையும்

வயலினை ஆக்கியோர் போற்றப்படும் அளவுக்கு அதன் வில்லை ஆக்கியோர் போற்றப்படுவதில்லை. 1805இல் ஜேர்மனியின் நௌம்பேர்க் நகரிற் பிறந்து, லைப்சிக்கில் தொழில் புரிந்த லுட்விக் பௌஷ் இதற்கு விதிவிலக்கானவர். பாரிஸில் பிரான்சுவா தூர்த் வகுத்த வில்லமைப்பைத் தழுவிச் சிறந்த அவர், ‘ஜேர்மனியத் தூர்த்’ எனப் புகழ்பெற்றார்.

பிரேசில் நாட்டுப் பெர்னம்புக்கோ மரத்தைச் சீவி, அனலிற் காட்டி மெல்ல வளைத்து, உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே அமையச் செய்வதே இத்தொழிலின் நுட்பமாகும்.

பௌஷ் 1871இல் மறைந்தார். பின்னர் அவரது புகழே அவரது கைவண்ணத்தை மறைக்கலாயிற்று. சக்சனி மாநிலத்து மார்க்நொய்கிர்கன் வட்டாரப் பட்டறைகள் பெருந்தொகையாக ஆக்கிய மலிவான விற்களிலும் ‘பௌஷ்’ என்னும் முத்திரை பொறிக்கப்பட்டது. எனவே அவரது ஆக்கத்தை இனங்காண முயல்வோர், பொறித்த பெயரை நம்பாது, மரத்திற் பதிந்த கைத்திறனையே சான்றாகக் கொள்ளல் வேண்டும்.