சேற்றில் விட்டுப்போன வண்டிகள்

1916 ஜூலையில் அகஸ்டா, அடலின் என்ற வான் பியூரன் சகோதரிகள் இரண்டு இந்தியன் மோட்டார்சைக்கிள்களில் நியூயார்க்கிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். போர் வந்தால் பெண்களும் ராணுவச் செய்தி கொண்டுசெல்ல முடியும் என்று காட்டுவதே நோக்கம். வழியில் சிற்றூர்களில் போலீஸ் மறித்துப் பிடித்தது. வேகத்துக்காக அல்ல, ஆண்களைப்போல் கால்சட்டை போட்டதற்காக. ஆகஸ்டில் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடிக்கு மேல், வண்டியிலேயே ஏறினார்கள். பெண்களில் அவர்களே முதல்.

வரலாறு அந்தச் சிகரத்தைக் குறித்துவைத்தது. என் மனம் நிற்பதோ பிறகு பெய்த மழையில். ராக்கி மலைப்பாதை சேறானது. புதைந்த வண்டிகளை இழுக்கத் திராணியில்லாமல், விட்டுவிட்டு நடந்தார்கள். கில்மன் என்ற சுரங்க ஊரின் தொழிலாளர்கள்தான் சாப்பாடு கொடுத்து, வண்டிகளை மீட்கவும் உதவினார்கள்.

செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சேர்ந்தார்கள். பத்திரிகைகள் வண்டியைப் புகழ்ந்தன. டென்வர் நாளிதழ் ஒன்று, வீட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிக்க நாட்டுப்பற்றைச் சாக்காக்கினார்கள் என்றது. முப்பத்தெட்டு வயதில் நான் ஸ்கூட்டர் வாங்கியபோது வீட்டில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: “அப்படி எங்கே போகப்போறே?”

அடலினின் ராணுவ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் சட்டம் படித்தார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.