விளிம்புக் கணிமை வளப் பங்கீடு

விளிம்புக் கணிமை வளப் பங்கீடு என்பது, பலர் ஒருங்கே புழங்கும் மெய்நிகர் உலகுகளில், பயனர்களுக்கு அருகிலுள்ள வழங்கிகளின் கணிப்புத்திறன், நினைவகம், அலைப்பட்டை ஆகியவற்றை அவர்களிடையே பிரித்தளிக்கும் முறை ஆகும்.

தேவை

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எப்போதும்வென்றானிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. தொலைவில் உள்ளது. எனவே தரவு சென்று திரும்பக் குறைந்தது 12 மில்லிநொடி ஆகும். சென்னைக்கு (சுமார் 500 கி.மீ.) இது 5 மில்லிநொடி. சுற்றுவழியும் நெரிசலும் இதனை மேலும் கூட்டும். தலையணித் திரைகளில் மொத்தத் தாமதம் 20 மில்லிநொடிக்குள் இருப்பது விரும்பப்படுகிறது; மிகுந்தால் தலைசுற்றல் ஏற்படலாம். அருகிலுள்ள வழங்கி தாமதத்தைக் குறைக்கும். எனினும் அதன் திறன் சிறிதாகையால் பங்கீடு தேவைப்படுகிறது.

முறைகள்

* மொத்தப் பயன் மிகுப்பு: நல்ல இணைப்புடையோர்க்கே வளம் சென்று, சிற்றூர்ப் பயனர் விடுபடலாம்.
* சிறும-மிகுப்பு நேர்மை: மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கை இயன்றவரை உயர்த்துவது. 2, 4, 10 அலகுகள் கேட்கும் மூவர்க்கு 12 அலகுகளே இருப்பின், அவர்கள் முறையே 2, 4, 6 பெறுவர்.
* விகித நேர்மை: இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பிராங்க் கெல்லி 1997இல் விளக்கினார்.

அளவீடு

ராஜ் ஜெயின் உள்ளிட்ட மூவர் 1984இல் வெளியிட்ட நேர்மைச் சுட்டெண் பரவலாகப் பயன்படுகிறது. அனைவரும் சமமாகப் பெற்றால் அதன் மதிப்பு 1. நால்வரில் ஒருவரே முழுவதும் பெற்றால் 0.25. மேற்கண்ட பங்கீட்டிற்கு 0.86. கேட்டதை முழுமையாகப் பெற்றவரும் இதில் குறைவாகப் பெற்றவராகத் தோன்றுவதால், கேட்டதில் பெற்ற விகிதத்தைக் கொண்டும் இது கணிக்கப்படுகிறது.